அறுபதைத் தாண்டினால் யாருக்குச் சொல்வது

படுக்கை விரிப்புக்கு என்ன அவசரம் என்று இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பால் என்றால் திரிந்துபோகும். மீன் என்றால் நாறிப்போகும். வெளுத்து, இஸ்திரி போட்டு, மூட்டை கட்டிய விரிப்பு கால் மணி நேரம் பிந்திப் போனால் என்ன குடியா முழுகிவிடும்? எங்கள் மேனேஜரைக் கேட்டால் குடிதான் முழுகிவிடும். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். நானும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நேரில் மட்டும் சார்.

எங்களுடையது சலவைக் கம்பெனி. ஆஸ்பத்திரி, ஹோட்டல் துணிகளை அழுக்காக எடுத்துவந்து வெள்ளையாகத் திருப்பிக் கொடுப்பது வேலை. பின்னால் பெரிய பெரிய மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்கும், சோப்பு நாற்றமும் நீராவியும் சேர்ந்து சுவரெல்லாம் வியர்த்திருக்கும். முன்னால் கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். எந்த வண்டியில் எந்த மூட்டை ஏறுகிறது, எந்த வண்டி இப்போது எந்தச் சாலையில் இருக்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ஏழாம் நம்பர் வண்டியை ஓட்டுவது என் அண்ணன். நான், அண்ணன், அண்ணி மூவரும் ஒரே வீடு.

எல்லா வண்டியிலும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வண்டி நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் பச்சையாக எரியும். பிந்திவிட்டால் 'தாமதம்' என்று சிவப்பு எழுத்தில், எத்தனை நிமிடம் என்ற எண்ணோடு, விட்டு விட்டு மின்னும். அந்த நேரங்களை வகுத்தவர் ஸ்டாப்வாட்ச். எப்படி வகுத்தார் தெரியுமா? ஒரு விடுமுறை நாள் காலையில், காலியாகக் கிடந்த சாலையில், தன்னுடைய காரில், ஒரு தலையணை உறைகூட ஏற்றாமல் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். அதுதான் இன்றுவரை சட்டம். மூட்டை ஏற்றிய வண்டியை, ஊரே வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், அவர் காரோடு போட்டி போடச் சொன்னால் ஓட்டுகிறவன் என்ன செய்வான்? மிதிப்பான்.

மிதிக்கிறார்கள் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லா வண்டிக்கும் வேக எச்சரிக்கை வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டாப்வாட்ச் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரை எங்களிடம் நான்கு விஷயம்தான் கேட்டது. எந்தெந்த வண்டிகள், எவ்வளவு வேகம், அந்த வேகத்தை எத்தனை விநாடி தாண்டினால் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும். முதல் மூன்றும் சீக்கிரம் முடிந்தன. அறுபது, பத்து விநாடி, எல்லா வண்டியும்.

"யாருக்கு அனுப்பணும் சார்? உங்க நம்பர் போடட்டுமா?"

"எனக்கா? நாள் பூரா டிங் டிங்னு கத்திக்கிட்டே இருக்கும். நான் வேலை பாக்க வேணாமா?"

"அப்போ எனக்குப் போடறேன்."

"உனக்கு வந்து என்ன ஆகப்போகுது? உன் பேச்சை எவன் கேப்பான்?" பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "வீட்டுக்குப் போடு."

"யார் வீட்டுக்கு சார்?"

"அவனவன் வீட்டுக்குத்தான். சேரும்போது ஃபாரத்துல ஒரு நம்பர் வாங்கியிருக்கோம் இல்ல, அதுக்குப் போகட்டும். பொண்டாட்டி நாலு கேள்வி கேட்டா மறுநாள் தானா அடங்கிடுவான். நமக்குச் சம்பளம் இல்லாத சூப்பர்வைசர்."

"சார், அது அடிகிடி பட்டா சொல்றதுக்குன்னு கேட்டு வாங்கின நம்பர்."

"நம்பர்னா நம்பர்தானே. போடும்மா."

பட்டியலின் கடைசியில் அவருடைய காரும் இருந்தது. கம்பெனி வாங்கிக் கொடுத்த கார், அதிலும் இடத்தையும் வேகத்தையும் காட்டும் கருவி பொருத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் விரலை நீட்டினார். "இதை எடுத்துடு. நான் என்ன டெலிவரிக்கா போறேன்?"

எடுத்தேன். ஒவ்வொரு டிரைவரின் ஃபாரத்தையும் திறந்து, 'ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும்' என்ற கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். அண்ணனுடைய ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியது அண்ணியின் கையெழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீபோர்டில் இரண்டு எழுத்து கழன்றிருக்க வேண்டும்.

முதல் சில நாள் சிரிப்பாகத்தான் போயிற்று. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு டிரைவர் இருக்கிறார், அவர் ஃபாரத்தில் கொடுத்திருந்தது மாமியார் நம்பர். "இத்தனை வருஷமா அந்தம்மாவுக்கு எம்மேல சொல்ல ஒரு குறை கெடைக்கல. இப்போ கம்பெனியே தினம் ரெண்டு குறை அனுப்பி வைக்குது" என்று வண்டியைத் துடைத்துக்கொண்டே புலம்பினார். எல்லாரும் சிரித்தோம். ஸ்டாப்வாட்ச் மட்டும் சிரிக்காமல், தன் யோசனை வேலை செய்கிறது என்று முதலாளிக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். போனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். முதல் மெசேஜ் வந்தபோது ஒரு பெரியவருக்கு மருந்து சாப்பிடும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். போனில் கம்பெனியின் பெயர் மின்னியதும் பாதியில் நிறுத்திவிட்டாள். உடனே அண்ணனுக்குப் போட்டாள். அவன் "என்னம்மா?" என்றதும்தான் மூச்சு வந்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு மெசேஜுக்கும் அதே கதை.

எனக்கு முதலில் அண்ணி மேல்தான் எரிச்சல் வந்தது. வீட்டில் காய் நறுக்கும்போது கேட்டேன். "மெசேஜைப் படிக்க மாட்டீங்களா அண்ணி? வேகம் எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்லியே. எதுக்குப் பதறணும்?"

"எங்கே படிக்கிறது? கம்பெனி பேரைப் பாத்ததுமே கண்ணை இருட்டிக்கிட்டு வருது." கத்தியை வைத்துவிட்டாள். "அந்த நம்பருக்குக் கம்பெனி எதுக்குக் கூப்பிடும்னு எனக்குத் தெரியாதா? ஃபாரத்துல எழுதினதே நான்தானே. எழுதும்போதே கை கூசிச்சு."

அவளை விட்டேன். அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "நீ எதுக்கு ஓட்டும்போது போனை எடுக்கிறே?"

"எடுக்கலைன்னா விடமாட்டா. ஒருநாள் எடுக்காம இருந்து பாத்தேன். கடையைப் போட்டபடி போட்டுட்டு நம்ம ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாளே, மறந்துட்டியா?"

"அப்போ மெதுவா போய்த் தொலையேன்."

"அந்தப் பெட்டியை நீ வந்து அணைச்சு வை, மெதுவா போறேன். கண்ணுக்கு நேரா செவப்பு செவப்பா மின்னிக்கிட்டு இருந்தா எவனால மெதுவா போக முடியும்? அங்கே ஆஸ்பத்திரில ஸ்டோர் கதவைப் பூட்டிட்டாங்கன்னா மூட்டையோட திரும்பணும். திரும்பி வந்தா ஸ்டாப்வாட்ச் கேக்கற கேள்வி இருக்கே..." மேலே சொல்லாமல் குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் திரையை உட்கார்ந்து பார்த்தேன். வேகம் தாண்டிய இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழும். திடீரென்று பிரேக் அடித்தால் கறுப்புப் புள்ளி. முன்பெல்லாம் ஆரஞ்சு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் கிடக்கும். இப்போது ஏழாம் நம்பர் வண்டியின் பாதையில் ஆரஞ்சுக்குப் பின்னாலேயே கறுப்பு விழுந்திருந்தது. ஒருமுறை இல்லை, பல முறை. சோடாபுட்டியின் பாதையிலும் அப்படியே. வேகமாகப் போகிறவனை, போய்க்கொண்டிருக்கும் அதே நிமிடத்தில், வீட்டிலிருந்து கூப்பிட வைக்கிறோம். இதைவிடக் கெடுதலான ஒரு ஏற்பாட்டை எதிரிகூடச் செய்துவைக்க மாட்டான்.

ஸ்டாப்வாட்சின் மேசைக்கே திரையைத் தூக்கிக்கொண்டு போகாத குறையாகப் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்பதுபோல் தலையாட்டினார்.

"போனை எடுக்காம இருக்கட்டும். ஓட்டும்போது எடுக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கே."

"எடுக்க வைக்கிறதே நாமதான் சார். மெசேஜை உங்களுக்கு மாத்திடலாம். இல்லன்னா அந்த டெலிவரி நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம்."

"நேரத்துல கை வைக்காதே. அது நான் ஓட்டிப் பாத்துப் போட்டது." அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் எழுந்து வந்தேன். அன்று மூஞ்சிக்கு நேராக இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மெஷின் ஒன்று நின்றுபோனதால் மூட்டை கட்டவே நேரமாகி, அண்ணன் கிளம்பும்போதே பெட்டியில் சிவப்பு எரிந்தது. திரையில் ஆரஞ்சு விழுந்தது. நான் மேசை மேல் இருந்த போனை எடுத்து அண்ணிக்குப் போட்டேன், கூப்பிடாதீங்க என்று சொல்வதற்காக. லைன் பிஸி. அண்ணி முந்திக்கொண்டுவிட்டாள். கறுப்புப் புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு ஏழாம் நம்பர் வண்டி திரையில் நகரவே இல்லை.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாலையின் நடுத்திட்டில் ஏறி, விளக்குக் கம்பத்தில் இடித்து, வண்டியின் பின்கதவு திறந்துகொண்டுவிட்டது. அண்ணனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விரிப்புகள் எல்லாம் சாலையில் சேற்றில் கிடந்தன. அவற்றின் மேலேயே மற்ற வண்டிகள் ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் திட்டில் உட்கார்ந்து, உடையாத கையால் போனைக் காதில் வைத்து, "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல, நான் பேசறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி மறுமுனையில் இன்னும் இருந்தாள். இடித்த சத்தத்தை அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள்.

ஸ்டாப்வாட்ச் விரிப்புகள் எத்தனை என்று எண்ணச் சொன்னார். மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீஸுக்குத் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும், அதுதான் வழக்கம். வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசியது விசாரணையில் தெரியவந்துள்ளதால், விதிமுறைப்படி, ஏழாம் நம்பர் வண்டி ஓட்டுநர் உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். என் அண்ணனை வேலையைவிட்டுத் துரத்தும் கடிதத்தை என் கையாலேயே அடிக்க வைத்தார். அடிக்கும்போது நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நாளைக்குச் சாயந்திரம் முதலாளி வந்துடுவாரு. கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது. உனக்குக் கஷ்டமா இருக்கும், தெரியுது. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

எல்லாருக்கும் ஒன்று. சரி. அவர் எழுந்து போனதும் எச்சரிக்கைத் திரையைத் திறந்தேன். பட்டியலின் கடைசியில் அவருடைய கார் டிக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. டிக் போட்டேன். அவரும் ஒரு காலத்தில் ஃபாரம் நிரப்பி வேலைக்குச் சேர்ந்தவர்தான். அதைத் திறந்தேன். ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தில் மனைவியின் எண் இருந்தது. போட்டேன். அந்தப் பதைப்பு எப்படி இருக்கும் என்று அவர் வீட்டிலும் ஒருநாள் தெரியட்டும் என்றுதான் போட்டேன். பொய் சொல்லப் போவதில்லை.

மறுநாள் நான் அந்தக் காரிலேயே உட்கார வேண்டி வரும் என்று கனவா கண்டேன்? ஆஸ்பத்திரி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மேடம் கூப்பிட்டு, பாழான விரிப்புகளுக்குக் கணக்குச் சொல்ல நேரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூட்டை விவரம் எனக்குத்தான் தெரியும் என்று ஸ்டாப்வாட்ச் என்னையும் ஏறச் சொன்னார். கடிதம் இருந்த ஃபைலைப் பின்சீட்டில் போட்டார், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதலாளியைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் பெல்ட்டை இழுத்து இழுத்து மாட்டினேன்.

கிளம்பும்போதே பிந்திவிட்டது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் வேக முள் ஏற ஆரம்பித்தது.

"சார், அறுபதுக்கு மேல போகாதீங்க."

"அட, நானும் வண்டி ஓட்டறவன்தாம்மா. உங்க அண்ணன் மாதிரி நெனச்சியா?"

"சார், உண்மையா சொல்றேன். கொஞ்சம் கொறைங்க. உங்க காரையும் நேத்து..."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ." சிரித்தார். முள் எழுபதைத் தொட்டது. நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை, அவருடைய போன் அடித்தது. எடுத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை காதில். அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "என்னங்க ஆச்சு? எங்க இருக்கீங்க? கம்பெனியில இருந்து மெசேஜ் வந்திருக்கே."

"என்ன மெசேஜ்?" என்று கேட்டுக்கொண்டே போனைத் திருப்பிப் பார்த்தார். சாலையைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். தண்ணீர் கேன்கள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"சார்!"

கார் கிறீச்சிட்டுக்கொண்டே போய் நின்றது. பெல்ட் என் தோளை அறுத்தது. தள்ளுவண்டிக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஒதுங்கியதால் பிழைத்தார். கேன்கள் சரிந்து, இரண்டு உடைந்து, தண்ணீர் பானட்டுக்கு அடியில் ஓடியது. அவர் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். ஸ்டாப்வாட்ச் கண்ணாடியை இறக்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"போன்ல யாருய்யா, எமனா?" என்று கேட்டார் தள்ளுவண்டிக்காரர். "கொஞ்சம் இருக்கச் சொல்லியிருக்கலாமே. நான் ரோட்டைத் தாண்டியிருப்பேன்ல?"

இன்னும் நிறையச் சொன்னார். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்ச் இறங்கிப்போய்க் கேன்களைப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தார், உடைந்ததற்குக் கையிலிருந்ததைக் கொடுத்தார். போன் சீட்டுக்கு அடியில் விழுந்து அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது. நின்றது, திரும்பவும் அடித்தது. அவர் வந்து உட்கார்ந்ததும் குனிந்து எடுத்து நீட்டினேன்.

"பேசுங்க சார். பேசலைன்னா அவங்க நிறுத்த மாட்டாங்க."

பேசினார். "ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லம்மா. நான்தான் பேசறேன்." நேற்று நடுத்திட்டில் உட்கார்ந்து அண்ணன் சொன்ன அதே சொற்கள். அந்த அம்மா அழுவது எனக்குக் கேட்டது. இதற்குக் காரணம் நான்தான். அந்த அம்மாவையும் தள்ளுவண்டிக்காரரையும் நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. இவரை நினைத்து இல்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "என் காரை யார் சேத்தது?"

"நான்தான் சார்."

"கொஞ்சம் விட்டிருந்தா ஒரு ஆள் செத்திருப்பான், தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். இதைத்தானே அன்னிக்கு உங்க மேசைக்கு வந்து சொன்னேன்."

"இது வேற. அவ ஏதோ கவலைப்பட்டுக் கூப்பிட்டுட்டா..."

"எங்க அண்ணி மட்டும் பொழுது போகாமலா கூப்பிட்டாங்க?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவங்களும் கவலைப்பட்டுத்தான் சார் கூப்பிட்டாங்க. எங்க அண்ணனும் எடுக்கலைன்னா துடிச்சுப்போவாளேன்னுதான் எடுத்தான். உங்களுக்காவது கார்ல செவப்பு லைட் கிடையாது. அவன் அதையும் பாத்துக்கிட்டு ஓட்டினான்."

அவர் காரைக் கிளப்பினார். முள்ளை நாற்பதுக்கு மேல் விடாமல் ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நன்றாகவே பிந்திவிட்டது. ஸ்டோரின் கதவு திறந்தேதான் இருந்தது. மேடம் அலமாரிகளுக்கு நடுவில் நின்று துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கணக்கெல்லாம் பேசி முடித்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை.

"மேடம், வண்டி கால் மணி நேரம் பிந்திச்சுன்னா கதவைப் பூட்டிடுவீங்களா?"

"ஆள் சாப்பிடப் போறப்ப பூட்டத்தான் செய்வோம். லேட்டாகும்னு ஒரு போன் பண்ணா ஒருத்தரை உக்கார வச்சிட்டுப் போகப்போறோம். ஒரு நாளைக்கு வேண்டிய விரிப்பு எப்பவும் கையில இருக்கும்." துண்டை மடித்துக்கொண்டே ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்கள். "உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தராவது ஒரு நாளாவது போன் பண்ணியிருக்கீங்களா?"

ஒரு போன். வீட்டிலிருக்கும் பெண்களையெல்லாம் பதறப் பதறப் போன் பண்ண வைத்த மனிதர், பண்ண வேண்டிய ஒரே ஒரு போனைப் பண்ணவில்லை. அதற்காக என் அண்ணன் மணிக்கட்டில் கட்டோடு வீட்டில் கிடக்கிறான்.

காரில் ஏறியதும் அவர் தொண்டையைக் கனைத்தார். "வழியில நடந்ததை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம்."

"நான் எதுக்கு சார் சொல்லணும்? கருவி சொல்லிடும். வாரக் கடைசியில எல்லா வண்டியோட ரிப்போர்ட்டும் முதலாளிக்குப் போகுது. உங்க காரும் அதுல வந்துடும். ஆரஞ்சு, பின்னாலயே கறுப்பு. ஏழாம் நம்பருக்கு எப்படி இருக்கோ அப்படியே." பின்சீட்டிலிருந்த ஃபைலைக் காட்டினேன். "இப்போ சொல்லுங்க சார். அந்தக் கடிதம் ஒண்ணு போதுமா, இல்ல உங்களுக்கும் சேத்து இன்னொண்ணு அடிச்சுத் தரட்டுமா? வாசகம் எனக்கு மனப்பாடம்."

அவர் சாவியைத் திருப்பினார். முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, காரை நேரே ஆபீஸுக்கு விட்டார். அந்த ஃபைல் அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அண்ணனுக்கு மணிக்கட்டு கூடும்வரை விடுப்பு என்று முதலாளி கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் வந்தது. வருத்தம், மன்னிப்பு என்று அதில் ஒரு எழுத்தும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கே அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எச்சரிக்கைத் திரையைத் திறந்தோம். வீட்டு எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசிக் கட்டத்தில் குறி மின்னிக்கொண்டு நின்றது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே தன் எண்ணைச் சொன்னார், நான் போட்டேன்.

அண்ணன் மறுபடி வண்டி ஏறிய நாளன்று, நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டான். பெட்டியில் சிவப்பு வந்திருக்கும். நெரிசல் விட்டதும் ஏழாம் நம்பரின் வேகம் ஏறிக்கொண்டே போனது. ஆரஞ்சு விழுந்தது. மருந்துக் கடையில் அண்ணியின் போன் சும்மா கிடந்தது. இங்கே ஸ்டாப்வாட்சின் மேசையில் ஒரு போன் டிங் என்றது. அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி நம்பரைத் தட்டினார்.

"மேடம், ஏழாம் நம்பர் வண்டி ஒரு கால் மணி நேரம் லேட்டாகும். கொஞ்சம் ஆள் வைங்க. சரிங்க, தேங்க்ஸ்." போனை வைத்துவிட்டு என் பக்கம் தலையை ஆட்டினார்.

நான் ஏழாம் நம்பரின் நேரத்தைக் கால் மணி நேரம் தள்ளிப் போட்டேன். வண்டியில் சிவப்பு அணைந்து பச்சை வந்திருக்க வேண்டும். திரையில் வேகம் அறுபத்தாறு, அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று தானாக இறங்கியது. கறுப்புப் புள்ளி விழவில்லை. இவ்வளவுதான் வேலை. இந்த ஒரு போனைப் பண்ண மனமில்லாமல்தான், எங்கள் அண்ணியை இத்தனை நாள் சாகடித்தார்.